எல்லாரையுமா, எல்லாவற்றையுமா? அறிவியல் புனைவுப் போர்ப்படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் புனைவுப் போர்ப்படங்களை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

வேற்றுக்கிரகப் படை பூமியில் இறங்குகிறது, இல்லையென்றால் நம் படை வேறொரு கிரகத்தில் போய் இறங்குகிறது என்று ஒரு படம் வந்தால், முதல் காட்சிக்கே போய் உட்காருகிற ஆள் நான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கவச உடை எப்படி மூடிக்கொள்கிறது, கலம் எப்படித் தரையிறங்குகிறது என்பதையெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். அந்தப் பிரியம் இன்னும் குறையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நண்பரின் அப்பாவுக்கும் இந்த வகைப் படங்கள் என்றால் உயிர். ஆனால் ஆங்கில வசனம் அவருக்குப் பிடிபடாது. அவருக்காக, பால் வெர்ஹோவன் இயக்கி 1997இல் வந்த ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத உட்கார்ந்தேன். பூச்சி வடிவத்தில் இருக்கும் வேற்றுக்கிரக உயிர்களோடு மனிதர்கள் நடத்தும் போர்தான் கதை. விண்கல் விழுந்து பியூனஸ் அயர்ஸ் நகரம் அழிகிறது. அந்த ஊர்க்காரன் ஜானி ரிகோ காலாட்படையில் சேர்ந்திருக்கிறான். படை புறப்படும் நேரத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர் கேமரா முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். ரிகோ இடையில் புகுந்து, தான் பியூனஸ் அயர்ஸ்காரன் என்று சொல்லிவிட்டு, ஒன்றுவிடாமல் கொல்லச் சொல்லிக் கத்துகிறான். ஆங்கிலத்தில் மூன்றே சொல்.

அந்த மூன்று சொல்லில் நான் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். ‘எல்லாரையும் கொல்லுங்கள்’ என்று எழுதுவதா, ‘எல்லாவற்றையும் கொல்லுங்கள்’ என்று எழுதுவதா? ஆங்கிலத்தில் ‘தெம்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆளுக்கும் அதே சொல், ஆட்டுக்கும் அதே சொல், நாற்காலிக்கும் அதே சொல். தமிழில் அந்த வசதி கிடையாது. கொல்லப்படப் போவது உயர்திணையா அஃறிணையா என்று முடிவு பண்ணாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. ரிகோவின் வாயில் எது வரும் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, ‘எல்லாத்தையும்’தான். ‘எல்லாரையும்’ என்று சொல்லிவிட்டால், தான் கொல்லப் போவது யாரையோ என்று அவன் ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் அந்தக் கத்தல் அப்படி வராது.

‘எல்லாத்தையும்’ என்றே எழுதினேன். மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ரிகோ குறுக்கே வருவதற்கு ஒரு விநாடி முன்னால் அந்த நிருபர் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. மனிதர்கள்தான் அவற்றின் இடத்துக்குள் நுழைந்து சீண்டிவிட்டார்கள், போரைவிட ஒதுங்கி வாழ்வதே மேல் என்று சிலர் சொல்வதாக அவர் சொல்கிறார். அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை.

யார் அந்தச் சிலர்?

படம் முழுக்கத் தேடினேன். அவர்களுக்கு ஒரு பெயர் இல்லை, ஒரு முகம் இல்லை, ஒரு காட்சி இல்லை. இத்தனைக்கும் அவர்கள் சொல்வதற்கு ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. தடை செய்யப்பட்ட பகுதி என்று தெரிந்தும் சில மனிதர்கள் அங்கே போய்க் குடியேறியதையும், அவர்களுக்கு நேர்ந்த கதியையும் ஒரு செய்தித் துணுக்காகக் காட்டிவிட்டுப் படம் தாண்டிப் போகிறது. அந்தப் பூச்சிகளுக்கு மூளை இருக்கலாம் என்று ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் பேச்சு வரும்போது, பூச்சி யோசிக்கும் என்ற எண்ணமே தன்னை அவமதிப்பதாக இருக்கிறது என்கிறார் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

இந்தப் படத்தின்மேல் எனக்குக் குறையில்லை. வெளிவந்த சமயத்தில் பல விமர்சகர்கள் இதையே பாசிசப் படம் என்று எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வெர்ஹோவன் 1938இல் பிறந்தவர். நாஜிகள் பிடித்து வைத்திருந்த ஹேக் நகரத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர். சீருடை எப்படி ஆளை மயக்கும், செய்திப்படம் எப்படிக் கண்ணைக் கட்டும் என்பது குழந்தையாக இருக்கும்போதே அவருக்குத் தெரியும். படத்தின் பிரசாரத் துணுக்குகளில் 1930களின் ஜெர்மன் பிரசாரப் படத்தின் சாயலை அவர் தெரிந்தே கொண்டுவந்தார். போர் வேண்டாம் என்றவர்களுக்கு அந்த உலகத்தில் முகம் கிடையாது என்பதை, அவர்களுக்கு முகம் கொடுக்காமலே காட்டிவிட்டார்.

அவர் காட்டிய இன்னொன்றைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தின் படையில் ஆணும் பெண்ணும் சமம். ஒரே குளியலறையில் சேர்ந்து குளிக்கிறார்கள், யாரும் யாரையும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. போர்க்கலம் ஓட்டுகிறவள் பெண். முதல் படையெடுப்பு தோற்றுத் தலைமைத் தளபதி பதவி விலகியதும், அந்த இடத்துக்கு வருகிறவர் ஒரு கறுப்பினப் பெண். தோல் நிறத்தை வைத்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இன்றைக்கு ஒரு படத்தின் நடிகர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிரதிநிதித்துவம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் படம் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்.

ஆனால் அந்தக் குளியலறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஏன் படையில் சேர்ந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அரசியலுக்கு வர ஆசை, அதற்குக் குடிமகனாக வேண்டும், அதனால் சேர்ந்தேன் என்கிறார் ஒருவர். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை, படையில் இருந்து வந்தால் உரிமம் சுலபமாகக் கிடைக்கும் என்கிறாள் ஒருத்தி. படைச்சேவை செய்யாதவருக்கு அங்கே ஓட்டு இல்லை. பிள்ளை பெறுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். காலையில் பிடிபட்டவனுக்கு அன்றைக்கே விசாரணை முடிந்து, சாயங்காலம் தொலைக்காட்சி நேரலையில் மரண தண்டனை. எல்லா நிறத்தவரும் எல்லாப் பாலினத்தவரும் தோளோடு தோள் நிற்கும் அந்த அணிவகுப்பில், இந்தப் போர் எதற்கு என்று கேட்கிற உரிமை மட்டும் ஒருவருக்கும் கிடையாது.

உங்களில் பலர் அந்தப் படத்திலிருந்து அணிவகுப்பை எடுத்துக்கொண்டீர்கள். கேள்வியை அங்கேயே விட்டுவிட்டீர்கள். இதுதான் என் மனக்குறை.

2011இல் வந்த ‘பேட்டில்: லாஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படைப்பிரிவில் லத்தீன அமெரிக்கர், ஆப்பிரிக்கர், வெள்ளையர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். விமானப்படைப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்துகொள்கிறாள். அவர்களுடைய பயமும் அழுகையும் எனக்கும் தொற்றிக்கொண்டது. பொய் சொல்லவில்லை. எதிரி வந்திருப்பது பூமியின் தண்ணீருக்காக. அந்தப் படத்தில் ஒரு காட்சி. அடிபட்டுக் கிடக்கும் ஒரு வேற்றுக்கிரக வீரனை உள்ளே இழுத்து வந்து போட்டு, எங்கே சுட்டால் உயிர் போகும் என்று கண்டுபிடிக்க உடம்பில் ஒவ்வோர் இடமாகக் குத்திப் பார்க்கிறார்கள். கூடவே நின்று உதவுகிறவர் ஒரு கால்நடை மருத்துவர். அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சரியான இடம் கிடைத்ததும் அடங்குகிறது. எல்லாருக்கும் நிம்மதி.

பாருங்கள், நானே ‘வீரனை’ என்று ஆரம்பித்து ‘அது’ என்று முடித்துவிட்டேன். அந்தக் காட்சி அப்படித்தான் என்னையும் இழுத்துக்கொண்டு போனது. பிடிபட்ட போர்க்கைதியை உயிரோடு குத்திப் பார்த்தால் அதற்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும். ஆனால் எதிரே கிடப்பது அஃறிணை என்று முடிவாகிவிட்டதால் அரங்கத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நானும் சுளிக்கவில்லை. பல வருடம் கழித்து, இந்தச் சப்டைட்டில் வேலையில் உட்கார்ந்தபோதுதான் அது என்னைச் சுட்டது.

இந்த மாதிரிக் காட்சிகளைப் பற்றிப் பேசும்போது கதையை யார் முதலில் படிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் திரைப்படங்களுக்கென்றே தொடர்பு அலுவலகங்கள் இருக்கின்றன. அவர்களுடைய விமானமும் கப்பலும் படைத்தளமும் வேண்டுமென்றால் திரைக்கதையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர்கள் மாற்றச் சொல்வதை மாற்றினால் உதவி கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. 1996இல் வந்த ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்துக்கு உதவ முன்வந்தவர்கள், கதையில் ‘ஏரியா 51’ என்ற ரகசியத் தளம் வருகிறது, அதை எடுங்கள் என்றார்கள். படக்குழு எடுக்கவில்லை, உதவி நின்றுபோனது. நான் மேலே சொன்ன 2011ஆம் வருடப் படத்துக்குக் கடற்படைக் காலாட்படையின் உதவி தாராளமாகக் கிடைத்தது. சட்டப்படி இதில் தவறு ஒன்றுமில்லை. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு உண்டு என்பதும் புரிகிறது. நான் கேட்பது இதுதான்: சுடுகிறவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குகிற கதையை, என்றைக்காவது சுடப்பட்ட ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டியிருக்கிறீர்களா? இராணுவ ஆலோசகர் என்று ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்கிறீர்கள். துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லித்தர அவர் வேண்டும்தான். துப்பாக்கியோடு ஒருவன் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்குள் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று சொல்லித்தர ஒருவர் வேண்டாமா?

அப்படி வாசலில் வந்து நிற்கிற காட்சியைச் சரியாக எடுத்த ஒரு படம் எனக்குத் தெரியும். நீல் பிளோம்காம்ப் இயக்கி 2009இல் வந்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’. அதை முழுப் போர்ப்படம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் துப்பாக்கி ஏந்திய படை ஒரு குடியிருப்பைக் காலி செய்யும் கதை என்பதால் இங்கே சேர்க்கிறேன். ஜோகனஸ்பர்க் நகரத்தின்மேல் ஒரு விண்கலம் வந்து நின்றுவிடுகிறது. அதில் வந்தவர்களைச் சேரியில் அடைத்து வைக்கிறார்கள். இருபத்தெட்டு வருடம் கழித்து அவர்களை ஊருக்கு வெளியே துரத்த, ஒரு தனியார் நிறுவனத்தின் ஆள் கையில் படிவ அட்டையோடு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறான். எல்லாரும் அவர்களை இறால் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு குடிசை வருகிறது. உள்ளே கிறிஸ்டோபர் ஜான்சன் என்று மனிதப் பெயர் வைக்கப்பட்ட ஒரு வேற்றுக்கிரகத்தவர், பக்கத்தில் அவருடைய சின்னப் பையன். படிவத்தை நீட்டுகிறார்கள். கிறிஸ்டோபர் கையெழுத்துப் போட மறுக்கிறார். படித்துப் பார்த்து, இது செல்லாது என்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இலக்கணமே மாறிவிட்டது. ‘அது படிக்குது’ என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. ‘அவர் படிக்கிறார்’ என்றுதான் வந்தது. அவருடைய முகத்தை அழகாக்கவில்லை, கண்ணைப் பெரிதாக்கிப் பரிதாபம் கூட்டவில்லை. கையில் ஒரு காகிதம், அதை மறுக்க ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அந்தப் படத்துக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். கேப் டவுன் நகரத்தின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். பிளோம்காம்ப் இதற்கு முன்னோடியாக எடுத்த குறும்படத்தில், வேற்றுக்கிரகத்தவரைப் பற்றி மக்கள் வெறுப்போடு பேசும் பேட்டிகள் வரும். அதில் சில நடிப்பு இல்லை. ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்த அகதிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தெருவில் போகிறவர்களிடம் கேட்டு வாங்கிய நிஜப் பதில்கள். அதை அப்படியே விண்வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றிய பேச்சாக வைத்துவிட்டார். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் இதே படம்தான் நைஜீரியர்களை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். சேரிக்குள் ஆயுதம் விற்று, வேற்றுக்கிரகத்தவரின் சதையைத் தின்றால் சக்தி வரும் என்று நம்புகிற ஒரு கொள்ளைக் கூட்டம் வருகிறது. அவர்கள் எல்லாரும் நைஜீரியர்கள். தலைவனுக்கு வைத்த பெயர், நைஜீரியாவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஒலுசெகுன் ஒபசாஞ்சோவின் பெயரைப் போலவே ஒலிக்கும். அந்தக் கூட்டத்தில் கையில் காகிதத்தோடு நிற்கிறவர் ஒருவரும் இல்லை, பக்கத்தில் ஒரு பையனும் இல்லை. அந்நாட்டுத் தகவல் துறை அமைச்சர் டோரா அகுன்யிலி 2009 செப்டம்பரில் திரையரங்குகளைக் கூப்பிட்டுப் படத்தை நிறுத்தச் சொன்னார், தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். படத்தை நிறுத்தச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் பட்ட கோபம் நியாயமானது. விண்வெளியிலிருந்து வந்தவரை உயர்திணையாக்கத் தெரிந்த இயக்குநருக்கு, அதே கண்டத்துக்காரனை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. அகதிகள்மேல் மக்களுக்கு இருந்த வெறுப்பைக் கேமராவில் பிடித்தவர், அந்த வெறுப்பு அகதிகளை எப்படி வரைந்து வைத்திருந்ததோ அதே படத்தைத் தானும் வரைந்துவிட்டார். 2008 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர்மேல் நடந்த தாக்குதல்களில் 60க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்கு மறு வருடம் வந்த படம் இது.

ஒருவரை ஏற்றிப் பிடிக்கும்போது கீழே யார் மிதிபடுகிறார்கள் என்று பார்க்கத் தவறுவது இந்த வகைக் கதைக்கு ஆரம்பத்திலிருந்தே உள்ள பழக்கமோ என்னவோ. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் புத்தகமாகக் கொண்டுவந்த செவ்வாய்ப் படையெடுப்பு நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்காரர்களைத் திட்டும் முன் நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள் என்று ஒரு இடம் வரும். ஐரோப்பியக் குடியேறிகள் தாஸ்மானிய மக்களை ஐம்பது வருடத்தில் அழித்ததை அங்கே சொல்கிறார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் உச்சத்தில் இருந்தபோது அதை எழுதினார் என்பது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் அடியோடு இல்லாமல் போனதாகவும் அதே இடத்தில் எழுதிவிட்டார். தாஸ்மானியப் பூர்வகுடிகளின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாங்கள் அழிந்துவிடவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நாவலை வைத்து 1953இலும் 2005இலும் வந்த பெரிய படங்கள் இரண்டிலும் அந்த இடமே காணோம். படையெடுப்பும் போர் இயந்திரங்களும் மிஞ்சின, அவற்றை எழுத வைத்த குற்றவுணர்ச்சி மிஞ்சவில்லை.

கதையின் நாயகனே மாறிப்போவதும் இப்படித்தான். ராபர்ட் ஹைன்லைன் 1959இல் எழுதிய மூல நாவலில் ரிகோ பிலிப்பைன்ஸ் வம்சாவளி, வீட்டில் பேசுவது தகாலோக் மொழி. படத்தில் வெள்ளைக்கார நடிகர். ஜப்பானிய எழுத்தாளர் ஹிரோஷி சகுராசகாவின் நாவலில் கெய்ஜி கிரியா என்ற ஜப்பானிய வீரன், 2014இல் ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ படமானபோது அமெரிக்கரானார். இதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் நீட்டவில்லை.

ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. படையில் சேருகிறவர் ஏன் சேருகிறார் என்பது. ‘அவதார்’ படத்தின் நாயகன் ஜேக் சல்லி, முதுகுத்தண்டு அடிபட்டுக் கால் செயலிழந்த முன்னாள் படைவீரன். அதைக் குணப்படுத்த மருத்துவம் அந்தக் காலத்தில் உண்டு, ஆனால் ஒரு படைவீரனுக்குக் கிடைக்கும் உதவித்தொகையில் அது கட்டாது என்று அவனே சொல்கிறான். ஒரு வரிதான். கால் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தான் தளபதி அவனை உளவு பார்க்க வைக்கிறார். வெர்ஹோவனின் படத்தில் ஆள் சேர்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், இன்று நான் ஆளாகி நிற்பது இந்தக் காலாட்படையால்தான் என்கிறார். அப்புறம்தான் கேமரா காட்டுகிறது, அவருக்கு இரண்டு காலும் இல்லை.

இந்த இரண்டு இடத்தையும் பார்க்கும்போதெல்லாம், நீங்கள் இங்கேயே கொஞ்சம் நின்றிருக்கலாமே என்று இருக்கும். ஜேக்கின் அந்த ஒரு வரியில் ஒரு முழுப் படம் இருக்கிறது. நட்சத்திரங்களுக்குக் கலம் விடுகிற சமுதாயத்தில் அடிபட்டவனின் முதுகெலும்புக்குப் பணம் ஏன் இல்லை? கிரகம் விட்டுக் கிரகம் போய்ச் சாகிறவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள்? உங்கள் படங்களில் சிப்பாய்களின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவர்களுடைய வீட்டுக் கடன் என்ன, படிப்பு ஏன் நின்றது என்பதை எழுதுவதில்லை. ‘அவதார்’ அதற்குப் பதிலாக வேறு பக்கம் போய்விட்டது. ஜேக் போய் இறங்கும் வேற்றுலகத்தின் நாவி மக்களுக்கு மொழி கொடுத்தது, அதுவும் பால் ஃப்ரோமர் என்ற மொழியியலாளரை வைத்து இலக்கணத்தோடு உருவாக்கிய மொழி. அதற்காக நான் கைகூப்புகிறேன். ஆனால் அந்த மக்களைப் போருக்கு அழைத்தவர், நேற்று வந்து சேர்ந்த ஜேக்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் ஒருவர் எழுந்து பேசியிருந்தால் கதை கெட்டுப் போயிருக்காது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அடுத்த கதையை எழுதும்போது, போர் வேண்டாம் என்கிறவருக்கு ஒரு பெயர் வையுங்கள். கோழையாகவோ, அரைக்கிறுக்கராகவோ, இரண்டாவது காட்சியில் சாகிறவராகவோ அவரைக் காட்டிவிட்டுக் கணக்கை முடித்துவிடாதீர்கள். நாயகன் பதில் சொல்லத் திணறுகிற அளவுக்கு அவருக்கு நல்ல வாதத்தைக் கொடுங்கள். எதிரியின் பக்கத்திலிருந்து ஒரு காட்சியாவது எழுதிப் பாருங்கள். அதைப் படமாக்க வேண்டும் என்றுகூட இல்லை. எழுதியவருக்குத் தெரிந்திருந்தாலே மற்ற காட்சிகள் மாறும். ஜோ ஹால்டமன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பிய பிறகு, 1974இல் ஒரு விண்வெளிப் போர் நாவல் எழுதினார். அதில் 1,143 வருடம் நடந்த போர் தவறாகத் தொடங்கியது என்றும், இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள முடியாததால்தான் அது நீண்டது என்றும் கடைசியில் தெரியவரும். போர்க்களத்தில் நின்றவர் எழுதியது அது. சண்டைக் காட்சிகளும் அதில் நிறைய உண்டு, ஒன்றும் சுவை குறையவில்லை.

அப்புறம், நடிகர் தேர்வில் இத்தனை வருடப் போராட்டத்தால் வந்த மாற்றத்தை நான் சிறிதாக நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னைப் போல் ஒருவர் அந்தக் கவச உடைக்குள் இருப்பதைப் பார்த்து ஒரு குழந்தை நிமிர்ந்து உட்காருவதை நானே பக்கத்து இருக்கையில் பார்த்திருக்கிறேன். அது வேண்டும். அந்தக் குழந்தை சுடுவதற்கு மட்டும் அங்கே இருக்கக் கூடாது, எதற்குச் சுடுகிறோம் என்று கேட்கவும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

சப்டைட்டில் வேலை முடிந்தது. நண்பரின் அப்பாவோடு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். கடைசியில் எதிரிகளின் மூளைப் பூச்சியைப் பிடித்து வலையில் கட்டி இழுத்து வருகிறார்கள். பெரிய சதைப் பிண்டம், கண்கள் மட்டும் அங்குமிங்கும் உருள்கின்றன. நீளக் கறுப்பு மேலங்கி போட்ட உளவுத்துறை அதிகாரி அதன் அருகே போய்க் கை வைக்கிறான். அவனுக்கு மனதைப் படிக்கிற சக்தி உண்டு. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு திரும்பி, அது பயப்படுகிறது என்று அறிவிக்கிறான். சுற்றி நிற்கும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். படம் முழுக்க எதிரியின் மனதிலிருந்து நமக்கு வந்து சேரும் ஒரே செய்தி அது. அதுவும் எதிரியைப் பிடித்தவனின் வாய் வழியாக.

நான் ‘பயப்படுது’ என்று எழுதியிருந்தேன். பெரியவர் அதைப் படித்துவிட்டுத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்: “அவ்வளவுதான் சொல்லுச்சா தம்பி? வேற ஒண்ணும் சொல்லலையா?”

“இல்லைங்கப்பா. இவன் சொன்னது அவ்வளவுதான்.”

“கேட்டானா?”

அந்தக் கேள்வியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் படங்களை முதல் நாளே பார்க்கும் ஒருவன்